ஏர் பியூரிஃபையர் வாங்குவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பேரனுக்காக ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா, எந்த மாடல் நல்லது என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதைக்கு வாங்க வேண்டாம் தாயி. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

நீ சொன்னதையே யோசித்துப் பார். பிள்ளை விடியற்காலையில் எழும்போதுதான் அடுக்கடுக்காகத் தும்முகிறான், மூக்கைத் தேய்க்கிறான். பள்ளிக்கூடம் போன பிறகு அடங்கிவிடுகிறது. சாயங்காலம் புழுதியில் விளையாடும்போது ஒன்றும் இல்லை. அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அவன் படுக்கிற இடத்தைத்தான்.

மெத்தையிலும் தலையணையிலும் டஸ்ட் மைட் என்கிற தூசுப்பூச்சி வாழ்கிறது. கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது, கடிக்கவும் கடிக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு. அதன் கழிவில் இருக்கும் புரதம் மூக்குக்குள் போகும்போதுதான் தும்மல். இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. 1960-களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்ற இருவரும் வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இந்தப் பூச்சிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஓதம் பிடித்த வீடுகளின் தூசியில் அது அதிகமாக இருந்ததையும் கவனித்தார்கள். சென்னையிலோ வருஷம் முழுக்க காற்றில் ஈரம். நீங்கள் இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் வேறு.

இந்த விஷயத்தில் பியூரிஃபையர் பெரிதாக உதவாது. அந்தக் கழிவுத் துகள் கனமானது. போர்வையை உதறினால் எழும்பும், கொஞ்ச நேரத்தில் திரும்பப் படுக்கையிலேயே விழுந்துவிடும். மிஷின் அறையின் மூலையில் இருக்கும், பிள்ளையின் மூக்கு தலையணையில் புதைந்திருக்கும். அங்கே இருப்பதை மிஷின் எப்படி இழுக்கும்?

எனவே மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த மைட் கவர் வாங்கிப் போடு. முதல் செலவு அதுவாக இருக்கட்டும். விரிப்பு, தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவை. மிஷினில் அந்த வசதி இல்லையென்றால் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரை வாளியில் ஊற்றி ஊறவைத்துவிட்டு அப்புறம் போடு. தலையணையை மொட்டை மாடியில் நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காயவை. சூடும் வறட்சியும் பூச்சியைக் கொல்லும், ஆனால் கழிவு அப்படியே இருக்கும், அதனால் மாடியிலேயே நன்றாகத் தட்டிவிட்டுக் கொண்டு வா. கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறானே பஞ்சுப் பொம்மைகள், அவற்றில் அவன் கட்டிப்பிடித்துத் தூங்கும் ஒன்று இரண்டு போதும். அதையும் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு துவை.

அடுத்தது ஏசி. இது என் தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து இழுத்துக் குளிராக்கி விடுகிறது. உள்ளே இருக்கும் வலை ஃபில்டர், காற்றைக் குளிராக்கும் காயில் (coil) என்கிற குழாய்ச் சுருள் தூசியால் அடைக்காமல் இருப்பதற்காக வைத்தது. அதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி நிழலில் உலர்த்து. அதோடு டார்ச் அடித்து, காற்று வரும் இடுக்கு வழியாக உள்ளே இருக்கும் ப்ளோயர் உருளையைப் பார். கறுப்புக் கறுப்பாகப் படிந்திருந்தால் அது தூசியும் பூசணமும். சர்வீஸுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஃபில்டரைத் தட்டிவிட்டு, முன்பக்கம் கொஞ்சம் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ப்ளோயரைக் கழற்றிக் கழுவச் சொல், பக்கத்தில் நின்று பார். டிரெயின் குழாயையும் ஊதிக் காட்டச் சொல். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் உலரும், பூசணம் பிடிப்பது குறையும்.

ஏசியால் ஒரு நல்லதும் உண்டு. அது ஈரத்தைப் பிடித்துக் குழாய் வழியாக வெளியே விடுகிறது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கி அறையில் வை. 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பூச்சிக்கும் பூசணத்துக்கும் கஷ்டம். 65, 70 என்று காட்டினால் டிரை மோடில் போட்டுப் பார்.

ஆனால் அந்தத் தலைமாட்டுச் சுவரைச் சரி செய்யாமல் இதெல்லாம் பாதிதான் பலன் தரும். ஆயுத பூஜைக்கு வந்தபோதே பார்த்தேன். பாத்ரூம் பக்கத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்திருக்கிறது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் பூசணம் இருக்கும். அதன்மேல் திரும்பப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. பாத்ரூம் தரை டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீரை நிறுத்தினால்தான் சுவர் காயும். வீட்டு ஓனரிடம் போட்டோ அனுப்பி எழுத்தில் கேள். அதுவரை கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வை. பிள்ளையை அடுத்த அறையில் படுக்கவைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

புகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொசுவர்த்தியை இன்றோடு நிறுத்து. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஜன்னலுக்கு வலை அடி, கட்டிலுக்குக் கொசுவலை கட்டு. பிள்ளை வீட்டில் இருக்கும்போது சாம்பிராணியும் ஊதுபத்தியும் வேண்டாம், விளக்கு மட்டும் ஏற்று. உன் அம்மாவிடம் நான் பேசிவிட்டேன், முதலில் வருத்தப்பட்டாள், பேரன் என்றதும் ஒப்புக்கொண்டாள். தாளிப்பதற்கு முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு, சமையல் முடிந்தும் பத்து நிமிஷம் ஓடட்டும். துடைப்பத்தால் கூட்டினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடைப்பதே மேல். கரப்பான் பூச்சியின் எச்சமும் அலர்ஜி தரும், ஸ்பிரே அடிக்காமல் ஜெல் மருந்து வை.

மாப்பிள்ளை படுக்கையறையில் வாங்கி வைத்திருக்கும் செடிகளைப் பால்கனிக்கு மாற்றிவிடச் சொல். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்வதற்கு ஆதாரமாகக் காட்டும் 1989 நாசா சோதனை மூடிய பெட்டிக்குள் செய்தது. வீட்டுக்குள் அந்தப் பலன் கிடைக்க வேண்டுமென்றால் அறையில் நடக்க இடம் இல்லாத அளவுக்குச் செடி வைக்க வேண்டும். தொட்டி மண்ணின் ஈரம்தான் மிச்சம்.

இவ்வளவும் செய்த பிறகும் பியூரிஃபையர் வேண்டும் என்று தோன்றினால் வாங்கு. போகிப் புகைக்கும் தீபாவளிப் புகைக்கும் அது நன்றாகவே உதவும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா (HEPA) ஃபில்டர் இருக்கிறதா என்று பார். அயனி, ஓசோன் விடுவதாகச் சொல்லும் எதையும் வாங்காதே, ஓசோன் நுரையீரலை எரிச்சலாக்கும். உங்கள் அறை 12-க்கு 10, உயரம் 10 அடி, மொத்தம் 1,200 கன அடி. அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை அந்தக் காற்று சுற்றிவர 170 கன மீட்டர் தேவை. மிஷின் மணிக்கு எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்பதைப் பெட்டியில் சி.ஏ.டி.ஆர் (CADR) என்று போட்டிருப்பார்கள், அந்த எண் அதற்குக் குறையக் கூடாது. மாற்று ஃபில்டர் என்ன விலை என்பதையும் வாங்கும்போதே விசாரி.

அப்புறம், டாக்டரிடம் ஸ்கின் பிரிக் டெஸ்ட், அதாவது தோலில் லேசாகக் குத்தி அலர்ஜி பார்க்கும் சோதனை பற்றிக் கேள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் வீண் செலவு மிச்சம். டெஸ்டுக்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், எத்தனை நாள் என்பதை அவரே சொல்லட்டும். வீடு சுத்தமாகிவிட்டது என்று மூக்கு ஸ்பிரேயையோ இன்ஹேலரையோ நீயாக நிறுத்திவிடாதே. மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டால் காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

ஓனர் இழுத்தடித்தால் சொல், நானே பேசுகிறேன். கொத்தனார் வரும் தேதி முடிவானதும் எனக்குப் போன் செய். டைல்ஸ் உடைக்கும் தூசியில் பிள்ளை இருக்க வேண்டாம், அந்த வாரம் இங்கே மதுரையில் எங்களோடு இருக்கட்டும். நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன், வரும்போது அந்த ஏசியையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா