எழுத்தில் கேள், பாப்பா

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சம்பா நடவு முடிந்தது. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

போனில் தேர்வைப் பற்றிக் கேட்டால் மெஸ் சாப்பாட்டுக்குத் தாவிவிடுகிறாய். நானும் துருவவில்லை. ஆயுத பூஜைக்கு வந்தபோது உன் மாதிரித் தேர்வுத் தாளைப் பார்த்தேன். முதல் நான்கு பக்கமும் முத்து முத்தான எழுத்து. அப்புறம் எழுத்து பெரிதாகி, வரி சாய்ந்து, கடைசிக் கேள்விக்கு நம்பர் மட்டும் போட்டிருக்கிறாய். பதில் தெரியாதவளா நீ? பத்தாம் வகுப்பில் இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எழுதிப் பள்ளியில் முதலாவதாக வந்தவள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் உன் கைக்கு 40 சதவீதம் இல்லை, தேர்வில் கூடுதல் நேரம் கிடையாது என்று கல்லூரி அலுவலகத்தில் சொன்னதை உன் தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். எங்களிடம் சொல்ல என்னம்மா தயக்கம்? கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் திருப்புகிற மாதிரி உன்னைத் திருப்பியிருக்கிறார்கள்.

சித்தப்பாவிடம் விசாரித்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அந்த 40, உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு. தேர்வில் உதவி கேட்பது வேறு. எழுதும்போது கை இறுகும் ஒருவர் போட்ட வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: 40 இல்லை என்பதற்காக, நாம் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆளை மறுக்கக் கூடாது, யாருக்கு என்ன தேவை என்று அவரவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அதையொட்டி 2022 ஆகஸ்டில் 40க்குக் கீழே உள்ளவர்களுக்கும் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரத் தேர்வுக்கு முழுசாக ஒரு மணி நேரம்!

அதனால் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதே. எழுத்தில் கொடு. எத்தனை நிமிடத்தில் கை இறுகுகிறது, கூடுதல் நேரம் போதுமா, எழுத ஆள் வேண்டுமா, எல்லாவற்றையும் எழுது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கு. மறுத்தால் காரணத்தையும் எழுத்திலேயே கேள். தேர்வுக்கு முந்தின நாள் போய் நிற்காதே, இப்போதே கொடு. சலுகை கேட்கிறோமே என்று கூசாதே. படித்தது நீ, எழுதத்தான் நேரம் கேட்கிறாய்.

எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்று அரசு மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். ஞாயிறு ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. திங்கட்கிழமை திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கு நானே கூட்டிப்போகிறேன். பழைய சான்றிதழை மறக்காமல் எடுத்து வா.

அப்பா