ஃபைபர் தொலைபேசியில் எங்கள் குரல் அறுபடுவது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

ஐயா,

வணக்கம். இணைய இணைப்போடு நீங்கள் கொடுத்திருக்கும் வீட்டுத் தொலைபேசியில் இரவு ஏழு மணிக்கு மேல் எங்கள் குரல் எதிர்முனையில் துண்டு துண்டாகக் கேட்கிறது. அவர்கள் பேசுவது எங்களுக்குத் தெளிவாகவே வருகிறது. நான்கு மாதங்களில் ஆறு புகார் கொடுத்தேன். ஆறையும் “வேகம் சரியாக உள்ளது” என்று எழுதி முடித்துவிட்டீர்கள்.

சென்ற வாரம் என் தாயார், வயது 81, கோவையில் இருக்கும் என் தங்கையிடம், “நெஞ்சு வலி இல்லையம்மா, வாயுதான், நீ வர வேண்டாம்” என்றார். அங்கே கேட்டது “நெஞ்சு வலி... நீ வர வேண்...” என்பது மட்டும். தங்கை இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் அழுதபடியே மதுரை வந்து சேர்ந்தாள். தமிழில் ‘இல்லை’யும் ‘வேண்டாம்’ என்பதும் கடைசியில்தான் வரும். அந்தக் கடைசியைத்தான் உங்கள் இணைப்பு விழுங்குகிறது.

வந்த ஊழியர் இழையில் வரும் ஒளியின் வலிமையை அளந்து பார்த்தார்; மைனஸ் 21 டிபிஎம். அதில் குறை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வேகச் சோதனையில் 98 எம்பிபிஎஸ் வந்தது. பிறகு 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொன்னார். அதனால் ஒரு பயனும் இல்லை. இது வேகக் கோளாறு அல்ல, முறை வைப்பதில் உள்ள கோளாறு.

நான் பாலிடெக்னிக்கில் தகவல் தொடர்புப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் ஜிபான் இணைப்பில், அதாவது ஒளியிழையைப் பகிரும் முறையில், எங்கள் தெருவின் 32 வீடுகளும் ஒரே இழையைப் பகிர்கின்றன. மேலே, அதாவது வீட்டிலிருந்து நிலையத்துக்கு, அனுப்பும் 1.244 ஜிபிபிஎஸ் அத்தனை பேருக்கும் பொது. ஒரு நேரத்தில் ஒரு வீடுதான் அனுப்ப முடியும். அனுப்பும் நேரம் 125 மைக்ரோ விநாடிச் சட்டங்களாக (ஃபிரேம்) பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சட்டத்திலும் யாருக்கு எவ்வளவு இடம் என்று பங்கிடுவது உங்கள் நிலையத்தில் உள்ள ஓஎல்டி என்ற கருவி. மேலூர்க் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதல்ல. ஜிபானுக்கான ஜி.984 தரநிலையில் டி-கான்ட் என்ற பங்கு ஐந்து வகை. முதல் வகைக்கு இடம் நிலையாக ஒதுக்கப்படும். நான்காம் வகைக்கு, மற்றவர்களுக்குப் போக மிஞ்சியதுதான்.

தொலைபேசியும் ஒரு மடிக்கணினியும் தவிர வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூன்று நாள் அளந்தேன். ஒரு சோதனைச் செய்தி உங்கள் வலையமைப்பின் முதல் முனைக்குப் போய்வர பிற்பகலில் 4 மில்லி விநாடி. இரவு எட்டரைக்கு 40 முதல் 210 வரை. பதினொரு மணிக்கு மீண்டும் 5. இணையம் தடுமாறும் அதே நேரத்தில் குரலும் தடுமாறுவதால், இரண்டையும் நான்காம் வகையிலேயே போட்டிருக்கிறீர்கள் என்று கருதுகிறேன். தெருவின் கண்காணிப்பு கேமராக்கள் மேலே ஏற்றும் படங்களுக்குப் பின்னால் என் தாயாரின் குரல் காத்து நிற்கிறது. படம் அரை விநாடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. குரல் அப்படியா?

20 மில்லி விநாடிக்கு ஒருமுறை 160 பைட் குரல். முகவரி முதலிய தலைப்புத் தகவல்களோடு சேர்த்தும் ஓர் அழைப்புக்கு 100 கேபிபிஎஸ் போதும். 32 வீடும் ஒரே நேரத்தில் பேசினாலும் சுமார் 3 எம்பிபிஎஸ்தான். மொத்தமுள்ள 1,244 எம்பிபிஎஸ்ஸில் இதை ஒதுக்கிவைக்க என்ன தடை?

எங்கள் இணைப்பில் குரல் எந்த வகைப் பங்கில் இருக்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள். அதை நிலையான பங்குக்கு மாற்றுங்கள். நான்கு மாதத் தொலைபேசிக் கட்டணத்தை அடுத்த பில்லில் கழியுங்கள். ஆளைப் பகல் பதினொரு மணிக்கு அனுப்ப வேண்டாம், அப்போது எல்லாம் சரியாகவே இருக்கும். இரவு எட்டரைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
மதுரை