தாத்தாவின் பேரேட்டில் இருப்பவர்களுக்கு

அன்புடையீர்,

1950-இல் கல்யாண் அகதி முகாமிலிருந்து ஒரு சிந்திக் குடும்பம் மதராஸ் வந்து இறங்கியது. அந்தக் குடும்பத்துக்குக் குடியிருக்க இடம் கொடுத்தவர்கள், விற்கச் சரக்குக் கொடுத்தவர்கள், மனு எழுதிக் கொடுத்தவர்கள் எவருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்கூடப் போனதில்லை. உங்களில் பலர் இன்று உயிரோடு இருக்க மாட்டீர்கள். உங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யார் கண்ணிலாவது படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் சமூகத்தில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. வெறுங்கையோடு வந்தோம், யாரிடமும் கையேந்தவில்லை, உழைத்து மேலே வந்தோம் என்பார்கள். கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே போனாலும் இதைக் கேட்டே வளர்ந்தேன். உழைத்தது நிஜம். முகாமிலிருந்த எங்கள் ஆட்கள் பம்பாய் லோக்கல் ரயிலில் அப்பளமும் மிட்டாயும் பென்சிலும் விற்றார்கள். ஆனால் வெறுங்கையோடு வந்தவன் விற்ற முதல் சரக்கு எங்கிருந்து வந்தது? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு இது நெடுநாள் உறுத்தல்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. பிரிவினையில் பஞ்சாபும் வங்காளமும் இரண்டாகப் பிளந்தன. சிந்து முழுசாகப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. பஞ்சாபி அகதிக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் ஒரு பஞ்சாப் இருந்தது. எங்களுக்கு ஒரு தாலுகாகூட இல்லை. தாத்தாவுக்கு ஹைதராபாத்தில் (தெலங்கானாவில் இருப்பது அல்ல, சிந்துவில் இருப்பது) ஷாஹி பஜாரில் துணிக்கடை. 1947 முடியும்வரை போகலாமா இருக்கலாமா என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்களாம். 1948 ஜனவரி 6-ஆம் தேதி கராச்சியில் கலவரம் நடந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கப்பலில் பம்பாய், அங்கிருந்து கல்யாண். ராணுவம் விட்டுப்போன பாரக்குகளைக் கோணிச் சாக்கால் தடுத்து, ஒன்றில் பல குடும்பங்கள். 1949 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அங்கே வந்து உல்லாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. தாத்தா தன் கண்ணால் பார்த்த முதல் தமிழர் அவர்தான் என்று பாட்டி கேலி செய்வாள்.

மதராஸ் கதைக்கு ஆதாரம் தாத்தாவின் பேரேடு. அதை எழுதியது வாணிகோ எழுத்தில். சிந்து வியாபாரிகள் கணக்குக்கென்றே வைத்திருந்த எழுத்து அது. மெய்யை மட்டும் எழுதிவிட்டு உயிர்க்குறிகளை விட்டுவிடுவார்கள். எழுதியவருக்குப் புரியும், அடுத்தவர் திணற வேண்டியதுதான். எங்கள் வீட்டில் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. உல்லாஸ்நகரில் ஒரு பெரியவர், கண்புரை அறுவை முடிந்த கையோடு, பூதக்கண்ணாடி வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்துச் சொன்னார். ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. நீங்கள் பணம் வாங்க மறுத்ததை உங்கள் மருமகள் இன்னும் மன்னிக்கவில்லை என்று கேள்வி.

அடுத்தது புரசைவாக்கத்து வீட்டுக்கார அம்மாவுக்கு. அகதி என்றாலே கதவைச் சாத்தினார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்தால் தாழ்ப்பாளும் போட்டார்கள். நீங்கள் சைவம். இருந்தும் பின்கட்டைக் கொடுத்தீர்கள். "மீன் வாங்கினால் கிணற்றடியில் கழுவாதே" என்ற ஒன்றே உங்கள் நிபந்தனை. பாட்டி கடலைமாவை வறுத்து, புளி கரைத்து, முருங்கைக்காய் போட்டு "கடி" என்ற சிந்திக் குழம்பு செய்வதை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுக் குழம்பு மாதிரின்னா இருக்கு" என்றீர்களாம். ஊரில் தின்ற தாமரைத்தண்டு இங்கே கிடைக்கவில்லை, சிந்து நதியின் பல்லா மீனுக்கு வழியே இல்லை. முருங்கையும் புளியும் எந்தத் தெருவிலும் கிடைத்தன. பாட்டிக்கு ஊர் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாநகராட்சிப் பள்ளி வாத்தியாருக்கு. சிந்தி வலமிருந்து இடமாக எழுதும் மொழி. பத்து வயது அப்பா தமிழ் நோட்டைப் பின்னட்டையிலிருந்து தொடங்கினார். வகுப்பே சிரித்தது, நீங்கள் சிரிக்கவில்லை. முன்னட்டையைத் திருப்பி வைத்து, கையைப் பிடித்து "அ" எழுத வைத்தீர்கள். நான் தமிழில் யோசிப்பதும் எழுதுவதும் அங்கே தொடங்கியது. தமிழ் தெரிந்த அளவுக்கு எனக்குச் சிந்தி தெரியாது என்பது இன்னொரு விஷயம். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

ஹைகோர்ட் பக்கத்தில் டைப்ரைட்டர் வைத்திருந்தவருக்கு. விட்டுவந்த சொத்துக்கு நஷ்டஈடு கோர 1950-இல் சட்டம் வந்தபோது, பத்திரங்கள் எல்லாம் சிந்தியில் இருந்தன. தாத்தா உடைந்த ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, வீட்டின் நீள அகலம், மாடியில் காற்று வாங்கும் கூண்டு உட்பட எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தீர்கள். பேரேட்டில் உங்கள் பெயருக்கு நேரே "பணம் பிறகு" என்று இருக்கிறது. பிறகு கொடுத்ததற்கான வரி இல்லை. 1954-க்கு அப்புறம் வந்த தொகை வீட்டின் மதிப்பில் சிறு துண்டுதான், ஆனாலும் அதுவும் வந்தது உங்கள் விரல்களால்.

கடைசியாக, இந்த மடலுக்கே காரணமானவர். கோடவுன் தெருவில் மொத்தத் துணி வியாபாரி. ஜாமீன் இல்லை, முகவரி என்று சொல்ல ஒரு பின்கட்டு. அப்படிப்பட்ட ஆளுக்கு மல் துணியும் சீட்டியும் கடனுக்குக் கொடுத்தீர்கள். தாத்தா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகத் தவணைக்கு விற்றார். முதல் மூன்று மாதம் பற்று மட்டுமே இருக்கிறது, வரவே இல்லை. நீங்கள் நிறுத்தவில்லை. இன்று என் தம்பி நடத்தும் கடைக்கு முதல் போட்டவர் தாத்தா அல்ல, நீங்கள்.

உங்கள் பெயர் மட்டும் பிடிபடவில்லை. "ச", "ப" என்று இரண்டே மெய்கள். சுப்புவா? சாபுவா? அதாவது, பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த இந்துவுக்குக் கடன் கொடுத்தவர் ஒரு மதராஸ் முஸ்லிமா? உல்லாஸ்நகர்ப் பெரியவரும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு ஆச்சரியமில்லை. எங்களைப்போலவே அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் நிறுவிய சூஃபிதார் என்ற கோயில், ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக ரம்ஜான் மாதம் முழுக்க அங்கிருந்து நோன்பு திறக்கும் உணவு திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்குப் போகிறது. பரிமாறுகிறவர்களில் பெரும்பாலோர் சிந்திகள், தலையில் தொப்பியோடு. இந்த ஊரில் இப்படி நடக்கும்.

ஆகவே கேட்கிறேன். உங்கள் தாத்தா 1950 வாக்கில் கோடவுன் தெருவில் துணி வியாபாரம் செய்தவரா? தமிழ் தெரியாத, உயரமான, ஒல்லியான ஒரு சிந்திக்குக் கடன் கொடுத்ததாக வீட்டில் பேச்சு உண்டா? பழைய கணக்குப் புத்தகம் பரணில் கிடந்தால் தேதிகளை ஒப்பிட்டுவிடலாம். சேட்டி சந்த், எங்கள் புத்தாண்டு, யுகாதியை ஒட்டி வரும். அன்று வீட்டுக்கு வாருங்கள், சுப்பு வீட்டாரானாலும் சாபு வீட்டாரானாலும். உட்கார்ந்ததும் அப்பளமும் தண்ணீரும் வரும். காப்பி எங்கே என்று பார்க்க வேண்டாம், எங்கள் வழக்கத்தில் அது அப்புறம்தான்.

நன்றியுடன்,
கீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு பேத்தி