எந்தக் கரையை உடைப்பது

பேட்டன் ரூஜ்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள முகிலா,

வீட்டை விற்றுவிட்டு மினியாபொலிசுக்கே வந்துவிடுங்கள் என்று நீ போனில் சொன்னபோது அப்பா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எதிரில் எனக்குப் பேச்சு வரவில்லை, அதனால்தான் கடிதம். இன்ஷூரன்ஸ் கணக்கு எனக்கும் தெரியும். ஐடா புயலுக்குப் பிறகு இங்கே பல காப்பீட்டுக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாயின. மிஞ்சியவை பிரீமியத்தை ஏற்றிக்கொண்டே போகின்றன. நீ சொன்னதில் பொய்யில்லை. ஆனால் "அந்த ஊர்ல இனிமே என்னதான் இருக்கு" என்று முடித்தாயே, அது உறுத்துகிறது. நீ வளர்ந்த ஊர்டா இது.

எட்டாம் வகுப்புக்கு லூசியானா வரலாறு நடத்தியே ஓய்வு பெற்றவள் நான். லால்குடிப் பக்கம் கொள்ளிடக்கரையில் பிறந்தவள், பிரெஞ்சு வம்சாவளிக் கேஜன் பிள்ளைகளுக்கு அவர்கள் பாட்டன் கதையைச் சொல்லித்தருவதா என்று முதலில் சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். பிறகு பழகிவிட்டது. நீ வேறு பள்ளியில் படித்ததால் என்னிடம் மாட்டாமல் தப்பித்தாய். இப்போது கேள்.

உன் ஊரில் பாலத்தின் மேல் நின்று பார்க்கிறாயே, அதே மிசிசிப்பிதான் எங்கள் ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது. 31 மாநிலங்களின் மழையில் கொஞ்சம் கொஞ்சம் இதில்தான் வடிகிறது. அங்கே அது ஏரியில் பிறந்த பிள்ளை. இங்கே வந்து சேரும்போது சேறும் சகதியுமாக ஒரு கிழட்டு யானை. தெற்கு லூசியானா முழுவதும் இந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான். ஏழாயிரம் வருஷமாக, ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வாக்கில் தடம் மாறி மாறிப் பாய்ந்து, விசிறி மாதிரி நிலம் போட்டது. இப்போது அது மறுபடி தடம் மாறப் பார்க்கிறது. நாம்தான் விடவில்லை.

முக்கொம்பில் உன்னை நிறுத்திக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அங்கே கொள்ளிடம் தாழ்ந்தது, நேரானது. விட்டால் காவிரித் தண்ணீர் முழுக்க அதற்குள் இறங்கிவிடும், தஞ்சாவூர் காய்ந்துபோகும். அதைத் தடுக்கத்தான் 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். இங்கேயும் அச்சு அசலாக அதே கதை. பேட்டன் ரூஜுக்கு வடக்கே மிசிசிப்பியிலிருந்து அச்சாஃபலையா பிரிகிறது. அது வழியாகக் கடலுக்கு ஏறக்குறைய பாதி தூரம்தான். குறுக்கு வழியைக் கண்டுகொண்ட ஆறு வருஷத்துக்கு வருஷம் அந்தப் பக்கம் அதிகமாகச் சாய்ந்தது. அப்படியே விட்டால் பேட்டன் ரூஜும் நியூ ஆர்லியன்ஸும் ஒரு உப்பங்கழியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் ராணுவப் பொறியாளர்கள் 1963இல் அந்தப் பிரிவிடத்தில், ஓல்டு ரிவர் என்ற இடத்தில், மதகு கட்டி முடித்தார்கள். மிசிசிப்பியும் ரெட் ஆறும் சேர்ந்த தண்ணீரில் 30 சதவீதம் அந்தப் பக்கம், 70 சதவீதம் இந்தப் பக்கம். ஆறு எப்படிப் போக வேண்டும் என்பதைச் சட்டம் போட்டு நிர்ணயித்திருக்கிறார்கள்!

1973 வெள்ளத்தில் அந்தக் கட்டுமானத்தின் ஒரு பக்கச் சுவர் இடிந்து விழுந்தது. அடியில் பெரிய பள்ளம் அரித்தது. நூலிழையில் தப்பியது. 2018 ஆகஸ்டில் நம் மேலணையின் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போன செய்தியைப் பார்த்து நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்று நீ அப்போது கேட்டாய். காரணம் இதுதான்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். தண்ணீரைப் பங்கு போடுகிறவன் கையில்தான் இந்த மாநிலம் எப்போதும் இருந்திருக்கிறது. வெள்ளம் வந்தால் எந்தக் கரை நிற்கும், எந்தக் கரை உடையும் என்பது ஆறு மட்டும் முடிவு செய்கிற விஷயமாக இங்கே ஒருநாளும் இருந்ததில்லை.

1927ஐ எடுத்துக்கொள். மிசிசிப்பியின் பெருவெள்ளம் வருகிறது. நியூ ஆர்லியன்ஸின் வங்கிக்காரர்களும் பெரிய மனிதர்களும் கூடிப் பேசி, நகரத்துக்குக் கீழே கார்னார்வன் என்ற இடத்தில் கரையை வெடிவைத்து உடைக்க வேண்டும் என்று ஆளுநரைச் சம்மதிக்க வைத்தார்கள். ஏப்ரல் 29ஆம் தேதி டைனமைட் வைத்தார்கள். செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் என்ற இரண்டு பாரிஷ்களில் (மற்ற மாநிலங்களில் கவுண்டி என்பதை இங்கே பாரிஷ் என்பார்கள், தெரியும்தானே, 64 இருக்கின்றன) இருந்த சுமார் பத்தாயிரம் பேர் வீடிழந்தார்கள். சதுப்பில் கண்ணி வைத்து, மீன் பிடித்துப் பிழைத்த ஏழைகள். பலர் ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் கேனரித் தீவுகளிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். மேல்பக்கத்தில் வேறு கரைகள் தானாகவே உடைந்து தண்ணீர் வடிந்துவிட்டதால், நகரத்தைக் காப்பாற்ற அந்த வெடி தேவையே இருந்திருக்கவில்லை. கொடுப்பதாகச் சொன்ன நஷ்டஈடு பெரும்பாலோருக்கு ஒழுங்காக வந்து சேரவும் இல்லை.

2005 கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸில் 80 சதவீதம் மூழ்கியபோது, அந்நகரத்து லோயர் நைன்த் வார்டு பகுதியின் கறுப்பின மக்களில் பலர் "வேண்டுமென்றே வெடிவைத்துவிட்டார்கள்" என்றார்கள். வெடி வைக்கவில்லை, கட்டியவர்களின் வடிவமைப்புப் பிழையால்தான் வெள்ளச் சுவர்கள் சரிந்தன. ஆனால் அந்த மக்கள் புத்தி கெட்டுப் பேசினார்கள் என்று டிவியில் சிரித்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1927 அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதை.

அந்தக் கரைகளை முதலில் போட்டது யார் என்பதையும் பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிவிடும். அடிமைகள். 1718இல் பிரெஞ்சுக்காரர் பியென்வில் நியூ ஆர்லியன்ஸை அமைத்த காலத்திலிருந்து தோட்ட முதலாளிகள் தங்கள் நிலத்து முன்பக்கக் கரையை அடிமைகளைக் கொண்டே உயர்த்தினார்கள். பிறகு கரும்பு வந்தது. 1811 ஜனவரியில் சார்ல்ஸ் டெஸ்லோண்ட் தலைமையில் சில நூறு அடிமைகள் கரும்புவெட்டும் கத்தியோடு ஆற்றுச் சாலை வழியாக நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தார்கள். அமெரிக்காவிலேயே பெரிய அடிமைக் கிளர்ச்சி அது. அடக்கியபின் அவர்கள் தலைகளைக் கழிகளில் குத்தி ஆற்றோரம் நெடுக நட்டுவைத்தார்கள். அடுத்த வருஷம் லூசியானா 18ஆவது மாநிலமாயிற்று. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்கும். நான் குரலை ஏற்றுவதே இல்லை.

அதே சாலையில் இன்று ரசாயன ஆலைகள். பேட்டன் ரூஜிலிருந்து நியூ ஆர்லியன்ஸ்வரை நூற்றுக்கும் மேல். பழைய கரும்புத் தோட்டங்களை வாங்கித்தான் பல ஆலைகள் எழுந்தன. அவற்றை ஒட்டியிருக்கும் கிராமங்களில் விடுதலையான அடிமைகளின் பேரப்பிள்ளைகள். அந்த வழி நெடுகிலும் உள்ள பகுதிக்குப் புற்றுநோயின் பெயரையே வைத்து அழைக்கிறார்கள். அப்பாவின் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது. உன் காலேஜ் ஃபீஸும் அதில்தான் கட்டியது. இதை உனக்கு மறைக்க ஒன்றுமில்லை, பெருமைப்படவும் இல்லை.

சரி, ஒரேயடியாக அழுவானேன். ஒரு கூத்தும் சொல்கிறேன். நம்மூர்க் குளங்களை அடைக்கிறதே ஆகாயத்தாமரை, அது 1884 நியூ ஆர்லியன்ஸ் பருத்திக் கண்காட்சி மூலம் இங்கே பரவியது என்பார்கள். பையூ என்கிற சதுப்பு ஓடைகளில் படகே போக முடியாமல் அடைத்துக்கொண்டது. 1910இல் ராபர்ட் புருசார்ட் என்ற லூசியானா காங்கிரஸ் உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார்: ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்குமதி செய்வோம், அவை தாமரையைத் தின்னும், நாம் அவற்றைத் தின்னலாம், இறைச்சித் தட்டுப்பாடும் தீரும். நல்லவேளை, நிறைவேறவில்லை. குழந்தைக்கு இந்தக் கதையை இன்றே சொல்.

நாம்தான் இந்தப் பக்கம் வந்த முதல் இந்தியர்கள் என்று அப்பா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். 1880களிலேயே ஹூக்ளிப் பக்கத்து வங்காள முஸ்லிம்கள் பூவேலைத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து, ட்ரெமே பகுதியில் கறுப்பின, கலப்பினக் கிரியோல் பெண்களைக் கட்டிக்கொண்டு குடும்பமாகவே இருந்திருக்கிறார்கள்.

இந்த மண்ணே இப்படி வந்து சேர்ந்தவர்கள் மண்தான். கேஜன்காரர்கள் கனடாவிலிருந்து 1755இல் பிரிட்டிஷாரால் விரட்டப்பட்டவர்கள். சுற்றியலைந்து இங்கே வந்து சதுப்பில் தங்கினார்கள். அவர்கள் பேசிய பிரெஞ்சை 1921 அரசியல் சட்டம் பள்ளியிலிருந்து வெளியேற்றியது. என்னோடு வேலை பார்த்த பெரியம்மா ஒருவர் சொல்வார்: வெளியே போகணும் என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் பெஞ்சிலேயே நனைத்துக்கொண்ட பிள்ளைகளில் அவர் அப்பாவும் ஒருவராம். 1968இல் அரசாங்கமே பிரெஞ்சை வளர்க்க வாரியம் அமைத்தபோது அந்த அப்பா சிரித்தாராம்.

கம்போ என்ற இந்த ஊர்க் குழம்பை மட்டும் யாராலும் வெளியேற்ற முடியவில்லை. மாவைக் கொழுப்பில் செம்பு நிறம் வரும்வரை வறுப்பது பிரெஞ்சுக்காரன் கை. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கடைசியில் தூவும் சாசஃப்ராஸ் இலைப்பொடி சாக்டாப் பழங்குடிகளுடையது. அடியில் சோறு. வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்க நாம் என்ன பாடு படுவோம். இவர்கள் அதற்காகவே போடுகிறார்கள். சாம்பல் புதனுக்கு முந்தைய நாளான மார்டி கிராவன்று மமூ கிராமத்தில் முகமூடி போட்டுக் குதிரையேறி வீடு வீடாகப் போய் அரிசியும் கோழியும் கேட்பார்கள். கோழியை உயிரோடு பறக்கவிடுவார்கள். துரத்திப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் ஊருக்கே கம்போ. நீ சின்ன வயதில் அந்தக் கோழிக்காக அழுதாய்.

அரசியல் பற்றிக் கேட்டால் ஹியூயி லாங் ஒருவர் போதும். 1928இல் ஆளுநரானதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பாடப்புத்தகம், ஊரெல்லாம் சாலை, பாலம். சட்டமன்றத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாட்டிலேயே உயரமான மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை 34 மாடியாக எழுப்பினார்; 1935இல் அதற்குள்ளேயே சுடப்பட்டு இறந்து, அதன் எதிரிலேயே புதைக்கப்பட்டார். நம்மூர் அரசியல் தெரிந்த எனக்கு அவரைப் புரிந்துகொள்வதில் சிரமமே இருக்கவில்லை.

நம் வீட்டுக்கு வருகிறேன். 2016 ஆகஸ்டில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது மிசிசிப்பியால் இல்லை. மழை நகராமல் ஒரே இடத்தில் கொட்டியதில் அமீட், காமீட் ஆறுகள் பெருகின. 1983 வெள்ளத்துக்குப் பிறகே பேச்சு தொடங்கிய காமீட் திருப்புக் கால்வாய் அன்றும் முடிந்திருக்கவில்லை. அரசாங்கப் படகு வருவதற்குள் மீன்பிடிப் படகோடு யார் யாரோ வந்தார்கள். எங்களை ஏற்றிக்கொண்டவர் பெயர் கேட்டும் சொல்லவில்லை. அப்பாவின் மருந்துப் பெட்டியைத் தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். இந்த ஊருக்கு இது புதிதுமில்லை. 1953இல் பஸ்ஸில் கறுப்பர்களை நிற்கவைத்ததை எதிர்த்து, டி.ஜே. ஜெமிசன் என்ற பாதிரியார் சொல்லி, ஊரே சொந்தக் காரில் ஒருவரையொருவர் இலவசமாக ஏற்றிக்கொண்டு போனது. புகழ்பெற்ற மாண்ட்கோமெரி பஸ் புறக்கணிப்புக்கு இரண்டு வருஷம் முந்தி. மார்ட்டின் லூதர் கிங் அவரிடம்தான் யோசனை கேட்டார்.

இங்கே கடைசிவரை இருந்தே தீருவோம் என்று நான் வீரம் பேசவில்லை. 1930களிலிருந்து ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர் கரையோர நிலம் கடலுக்குள் போய்விட்டது. கரை கட்டியதால் வண்டல் வரவில்லை, எண்ணெய்க் கம்பெனிகள் வெட்டிய கால்வாய்களில் உப்பு ஏறியது, கடலும் உயர்கிறது. ஐல் டி ஜான் சார்ல்ஸ் என்ற பழங்குடித் தீவு கிட்டத்தட்ட முழுக்கக் கரைந்து, 2022இல் அந்தக் குடும்பங்களை வடக்கே புது ஊருக்கு மாற்றினார்கள். புதிதாகக் கட்டத் திட்டமிட்ட புயல் கரையின் உள்பக்கம் அந்தத் தீவைச் சேர்க்கவில்லை, செலவு அதிகமாம். மறுபடியும் அதே கணக்கு. 2011 மே மாதம் மொர்கன்சா மதகைத் திறந்து அச்சாஃபலையாப் பக்கம் விட்டார்களே, அது பேட்டன் ரூஜைக் காப்பாற்ற. அன்று நாம் நன்றாகத் தூங்கினோம். அந்தப் பக்கத்துப் பட் லா ரோஸ் ஊர்க்காரர்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை நாம் எந்தப் பக்கம் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே முடிவு இது. வெள்ளக் காப்பீட்டைப் புதுப்பித்துவிட்டேன். இன்னொரு முறை வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் சுவரைப் பிரித்துக் காயவைக்கிற வேலை எங்களால் ஆகாது. அன்றைக்கு விற்றுவிட்டு உன்னிடம் வருகிறோம். அதுவரை கேட்காதே, அப்பா எதிரில் கட்டாயம் கேட்காதே.

மார்டி கிராவுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். விமானம் நியூ ஆர்லியன்ஸுக்கே எடு. திரும்பும்போது நெடுஞ்சாலை வேண்டாம், ஆற்றுச் சாலையில் வருவோம். அடிமைகளின் கதையைச் சொல்லும் விட்னி தோட்டத்து அருங்காட்சியகத்தில் இறங்க வேண்டும். குழந்தைக்கு வயது போதாது, நானும் அவளும் வெளியே மரத்தடியில் இருக்கிறோம், நீயும் மருமகளும் உள்ளே போய் வாருங்கள். நான் ஓட்டுகிறேன் என்று அப்பா அடம்பிடிப்பார். ஏர்போர்ட்டிலேயே சாவியை நீ வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா