சங்குபுஷ்பமா, விஷ்ணுகிராந்தியா?

ஆசிரியருக்கு,

வணக்கம். எழும்பூர் அருங்காட்சியகம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெண்கலச் சிலைகளுக்கும் திமிங்கில எலும்புக்கூட்டுக்கும் நிறைய இடம் கொடுத்திருந்தீர்கள். தாவரவியல் பிரிவு ஒரே வரியில் முடிந்துவிட்டது. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

என் அப்பா செங்கோட்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. அதற்குப் பிறகும் கேரள எல்லைக்குள் இருக்கும் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து ஆட்கள் வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கடைக்கு வருவார்கள். சீட்டில் 'சங்குபுஷ்பம்' என்றிருக்கும். மலையாள வைத்தியர் எழுதியதென்றால் அது நம் காக்கட்டான் கொடி. வடநாட்டு முறை பார்த்து எழுதியதென்றால் விஷ்ணுகிராந்தி. இரண்டும் நீலமாகப் பூக்கும். ஆனால் ஒன்று வேலியில் ஏறும், மற்றது தரையோடு கிடக்கும். சீட்டு யார் எழுதியது என்று கேட்காமல் அப்பா பொட்டலம் மடித்ததே இல்லை. பிரம்மி கதையும் இதேதான்: வடக்கே பல இடங்களில் வல்லாரை, இங்கே நீர்ப்பிரம்மி.

பெயரை வைத்துச் சண்டை போடுவதைவிடச் செடியையே எடுத்துக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. செடியை அழுத்தி உலர்த்திக் காகிதத்தில் பொருத்திய அருங்காட்சியகத்தின் உலர்தாவரத் தாள் அதற்காகத்தான் இருக்கிறது.

கல்லூரியில்தான் அப்படி ஒரு பழைய தாளை முதலில் பார்த்தேன். பழுப்பேறிய கெட்டிக் காகிதம். தண்டை நூலால் தைத்திருந்தார்கள். ஓர் இலை முன்பக்கம் தெரிய, இன்னொன்று பின்பக்கம் தெரிய அழுத்தியிருந்தது. உதிர்ந்த விதைகளுக்கு மூலையில் சின்னக் காகித உறை. கீழே இடம், நாள், எடுத்தவர் பெயர். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் சவ்வீரம் என்ற பாதரச நஞ்சைப் பூசுவார்கள் என்பதால் தொட்ட கையைக் கழுவச் சொன்னார் பேராசிரியர். எங்கள் வகுப்பு சேகரித்த கட்டுக்கு அந்தக் காவல் இல்லை. சில வருடம் கழித்துப் போனபோது செடியெல்லாம் பொடியாகியிருந்தது. 'புளியரை' என்று என் கையெழுத்தில் எழுதிய சீட்டு மட்டும் மிச்சம்.

1830களில் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் குற்றாலத்தில் செடி சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்களை வைத்து அவர் வெளியிட்ட படங்கள் 2,000க்கு மேல். அவருடைய தாள்களை இன்று லண்டன் க்யூ தாவரவியல் தோட்டத்தின் இணையத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எழும்பூரும் சளைத்ததில்லை. அங்கே பணியாற்றிய பி.வி. மயூரநாதன் சென்னை நகரத்துச் செடிகளைத் தொகுத்து எழுதியதை அருங்காட்சியகமே 1929இல் வெளியிட்டது. கட்டடங்கள் முளைத்துவிட்ட இடத்தில் முன்பு என்ன பூத்தது என்று தேட, அது பெரிய துணை.

அருங்காட்சியகத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். தாள்களைப் படமெடுத்து எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். லத்தீன் பெயரோடு தமிழ்ப் பெயரும், எல்லைப்புறச் செடியென்றால் மலையாளப் பெயரும் சேருங்கள். பெயர் சொல்ல மலையில் இருக்கும் பளியர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் பெயரோடு எழுதிவையுங்கள்.

அப்பா சரக்குப் பெயர்களை இரண்டு மொழியிலும் எழுதிவைத்த நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. துறையிலிருந்து யார் கேட்டாலும் நகல் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
செங்கோட்டை