களுவாஞ்சிக்குடி வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: சஞ்சிகைகளை எண்ணிமப்படுத்தும் பணி

தலைவர் அவர்களுக்கும் போஷகர்களுக்கும் செயற்குழுவினருக்கும், இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் என் வணக்கம். மாதாந்த வாசிப்புக் கூட்டங்களும் பாடசாலை மாணவருக்கான நூல் வாசிப்பு நிகழ்வும் வழமைபோல் நடைபெற்றன. அவை பற்றிய விபரங்கள் கூட்டக் குறிப்புகளில் உள்ளமையால், சென்ற பொதுக்கூட்டம் எம்மிடம் ஒப்படைத்த பணியை, அதாவது எமது அலுமாரிகளிலும் அங்கத்தவர் வீடுகளிலும் உள்ள பழைய சஞ்சிகைகளைத் தேடிப் படிக்கக்கூடிய மின்னணு ஆவணமாக மாற்றும் பணியைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகக் கூற விரும்புகிறேன்.

முதலில் சேகரிப்பைப் பற்றி. இலங்கையின் கிழக்கில் வெளிவந்த சஞ்சிகைகளின் முழுத் தொடரும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை பறந்த வீடுகளில் நனைந்தவையும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கொண்டுபோனவையும், போர்க்கால இடப்பெயர்வுகளில் கைவிடப்பட்டவையும் போக எஞ்சியவற்றையே இன்று கறையானும் மாரிகால ஈரமும் பங்குபோட்டுக்கொள்கின்றன. மலிவான செய்தித்தாளில் மரக்கூழின் லிக்னின் நீக்கப்படாமல் இருப்பதால், பூச்சி தொடாத பிரதியும் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளித்து நொறுங்குகிறது. தைத்த கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடுகிறது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரை, மேற்குப் பக்கமான படுவான்கரை இரண்டிலிருந்தும் அங்கத்தவர்கள் தங்கள் பிரதிகளை இரவலாகத் தந்தார்கள். ஒருவரிடம் அட்டை இல்லாதிருந்த இதழுக்கு மற்றொருவரிடம் அட்டை கிடைத்ததும் உண்டு. ரோணியோ எனும் படியெடுக்கும் இயந்திரத்தில் அடித்த சில இதழ்களின் மை வெளிறி, இன்னும் சில மாரி கடந்தால் வாசிக்கவே முடியாத நிலையில் இருந்தது. ஆகவே எழுத்தாளரின் புகழையோ இதழின் வயதையோ பாராமல், எது முதலில் அழியுமோ அதை முதலில் படமெடுப்பது என்று செயற்குழு தீர்மானித்தது.

இதே வேலையை 2005 முதல் நூலகம் நிறுவனம் இணையத்தில் செய்து வருவதால் நாம் மீண்டும் செய்வானேன் என்ற கேள்வி கூட்டத்தில் எழுந்தது. நியாயமான கேள்விதான். அங்கு ஏற்கெனவே உள்ள இதழ்களை நாம் தொடவில்லை; ஒவ்வொரு இதழையும் அத்தளத்தில் தேடிப்பார்த்து, இல்லாதவற்றையும் பக்கம் குறைந்தவற்றையும் மட்டுமே எடுத்துக்கொண்டோம். தனிக் களஞ்சியம் ஒன்றை எங்கள் பெயரில் கட்டி நிறுத்துவதைவிட, பொதுக் களஞ்சியத்தின் இடைவெளியை நிரப்புவதே சிறிய சங்கமொன்றுக்குப் பொருத்தமான வேலை என்பது என் கருத்து.

படமெடுக்கும் வேலை எதிர்பார்த்ததைவிட இலகுவாக முடிந்தது. முதுகு இறுகிய தொகுப்புகளைத் தட்டை ஸ்கானரில் அழுத்தினால் கட்டு உடையும் என்பதால், அவற்றைப் பாதியளவே விரித்து மேலிருந்து கமராவால் எடுத்தோம். மற்றவற்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகளிலும், எழுத்துச் சிறிதாக உள்ளவற்றை 400 புள்ளிகளிலும் வருடினோம். தரம் குறையாத டிஃப் படக் கோப்பு ஒன்று மூலமாகப் பாதுகாப்பில் இருக்கும். வாசகருக்குப் போவது அதிலிருந்து உருவாக்கிய பிடிஎஃப் மட்டுமே. விளம்பரப் பக்கங்களை விட்டுவிடலாம் என்று சிலர் கூறினர். ஆனால் மட்டக்களப்பு நகரக் கடைகள், அச்சகங்கள், திரையரங்குகள் பற்றிய செய்தி பல வேளைகளில் அந்த விளம்பரங்களில் மாத்திரமே கிடைக்கும் என்பதால், அவை உட்பட அட்டையிலிருந்து அட்டைவரை எடுக்கப்பட்டன.

உண்மையான சிரமம் அதன் பின்னரே தொடங்கியது. படமாக இருக்கும் பக்கத்தில் எதையும் தேட முடியாது. அதைக் கணினி வாசித்து எழுத்தாக்க வேண்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் டெசரக்ட் மென்பொருள் அண்மைக்கால அச்சைப் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கிறது. ஈய எழுத்தில் கோத்த பழைய இதழ்களில் அது தடுமாறுகிறது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோதும் எமது அச்சகங்களின் எழுத்துப் பெட்டிகள் உடனே மாறிவிடவில்லை. துதிக்கைபோல் மேலே வளையும் கொம்புடைய பழைய ணை, லை, ளை, னை ஆகியவற்றையும், காலின்றிச் சுழித்து எழுதும் பழைய ணா, றா, னா ஆகியவற்றையும் மென்பொருள் வேறேதோவாக வாசித்துவிடுகிறது. ரகரத்தையும் காலையும் அது மாற்றிப்போடுவது நாளாந்த நிகழ்வு. இரட்டைப் பத்திப் பக்கங்களில் இடப்பத்தியின் வரியோடு வலப்பத்தியின் வரியைச் சேர்த்து வாசித்து, சிறுகதைக்குள் இரங்கற் செய்தியைப் புகுத்திய பக்கங்களும் உண்டு. தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல் உடைந்தால் இணைப்புக்கோடு இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லாமையால், 'மட்டக்' என்று ஒரு வரியிலும் 'களப்பு' என்று அடுத்த வரியிலும் இருக்கும் ஊர், தேடுபவருக்கு அகப்படாமலே போய்விடுகிறது.

கணினியில் பக்கமமைத்த பிற்கால இதழ்கள் எளிதாக இருக்கும் என்று நம்பியிருந்தோம். சில ஆசிரியர்கள் தம் பழைய கோப்புகளையே மனமுவந்து தந்தார்கள். ஆனால் அவை பாமினி எழுத்துருவில் அமைந்தவை. திரையில் தமிழாகத் தெரியும் பக்கத்தின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்தில்தான் அங்கே 'அ' குந்தியிருக்கிறது. அவற்றை யூனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரும், கொம்பும் காலும் தனித்தனியாக இட்ட 'கொ'வும் ஒரே குறியாக இட்ட 'கொ'வும் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருந்தமையால், எல்லாக் கோப்புகளையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இந்த வேலையைப் பொறுமையுடன் செய்த இளம் அங்கத்தவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டுள்ளது.

இவ்வளவும் திருந்தினாலும் தேடல் முழுமை பெறாது என்பதே இவ்வாண்டின் அனுபவம். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பற்றி ஒரு மாணவி தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மயில்வாகனம், பண்டிதர் மயில்வாகனனார், துறவுக்கு முந்திய பிரமச்சரிய காலத்துப் பிரபோத சைதன்யர், 1924இல் ஏற்ற துறவுப் பெயர் என அவருக்குப் பல பெயர்கள் உண்டு. அத்துறவுப் பெயரும் விபுலாநந்தர், விபுலானந்தர் என இரண்டு விதமாக அச்சாகியுள்ளது. இவற்றையெல்லாம் ஒருவரே என்று இணைப்பது மென்பொருளின் வேலையல்ல, விடயம் தெரிந்தவரின் வேலை. எமது பிரதேச எழுத்தாளர் பலர் இரண்டு மூன்று புனைபெயர்களில் எழுதியிருக்கிறார்கள். எந்தப் பெயர் எவருடையது என்பது மூத்தோர் சிலரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஆகையால் ஒவ்வோர் இதழுக்கும் கட்டுரைத் தலைப்பு, எழுதியவர், புனைபெயர், பக்கம், பேசப்படும் ஊர் என்பவற்றைக் கையால் பதிந்து அட்டவணை தயாரிக்கத் தொடங்கியுள்ளோம். அட்டவணை இல்லாத வன்தட்டு பூட்டிய அலுமாரிக்குச் சமம் என்பதால், அடுத்த ஆண்டில் புதிய இதழ்களைப் படமெடுக்கும் வேகத்தைக் குறைத்தாயினும் இதை முடிக்க வேண்டும் என்று செயற்குழு கருதுகிறது. இதில் மாற்றுக் கருத்து உடையோர் இன்று அதைத் தெரிவிக்கலாம்.

பதிப்புரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுத்தாளரின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது. ஆகவே எமது சேகரிப்பிற் பெரும்பகுதி இன்னும் ஒருவருடைய உடைமையே. ஆசிரியர்களையும் காலஞ்சென்றோரின் பிள்ளைகளையும் நேரிற் கண்டு எழுத்திலான சம்மதம் பெற்றோம். எவரும் பணம் கேட்கவில்லை. அப்பாவின் கதை வந்த இதழை முதன்முறையாக இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னவர்களே அதிகம். சம்மதம் கிடைக்காத இதழ்கள் வட்டத்தின் கணினியில் மாத்திரம் வாசிக்கக் கிடைக்கும்.

கோப்புகளின் பிரதிகள் மூன்று. இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் உள்ளன. மூன்றாவது, வெள்ளத்துக்கு அஞ்சி, மாவட்டத்துக்கு வெளியே ஓர் அங்கத்தவரிடம் வைக்கப்பட்டுள்ளது. வரவு செலவு விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். மாரிக்கு முன்னர் ஈரமகற்றும் கருவி ஒன்று வாங்க அனுமதி கோருகிறோம். புனைபெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க மூத்த அங்கத்தவர்கள் மாதம் ஒரு பிற்பகலை எமக்குத் தந்துதவ வேண்டும். அதற்கான கொப்பி நுழைவாயில் மேசையில் வைக்கப்பட்டுள்ளது, பெயரை எழுதிச் செல்லவும்.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்