எல்லைக்குப் பக்கத்து அப்பிள் ஊரிலிருந்து

ஹெமிங்ஃபோர்ட், கியூபெக்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதி. வைத்தியர் சொன்ன அளவுக்கு நட. அதற்குள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கக் கிளம்பிவிடாதே; உன்னை எனக்குத் தெரியும்.

நாங்கள் மொன்றியலை விட்டு மகளோடு இங்கே வந்துவிட்டதைச் சொன்னபோது, "அது எந்தக் காடு?" என்று கேட்டாய். காடில்லை. மொன்றியலிலிருந்து தெற்கே ஒரு மணி நேர ஓட்டம். அதைத் தாண்டினால் அமெரிக்கா. 1988இல் நான் ஒற்றைப் பையோடு வந்து நின்ற லக்கோல் எல்லைச் சாவடியும் கிழக்கே பக்கத்தில்தான். இந்த மண்ணில் என்ன விளைகிறது என்று பார்க்க அன்றைக்கு எனக்கு எங்கே மனம் இருந்தது?

விளைவது அப்பிள். அதிலும் மக்கின்ரொஷ் என்ற இனம். 1811இல் ஒன்ராறியோவில் தானாக முளைத்த கன்றுகளிலிருந்து வந்தது. செப்டெம்பரில் பறிப்பு தொடங்கும். பழத்தைப் பிடித்து இழுப்பதில்லை. உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கிச் சற்றுத் திருகினால் காம்போடு கைக்கு வந்துவிடும். கீழ்நோக்கி இழுத்தால் அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய மொட்டும் சேர்ந்து முறிந்துபோகும். வயிற்றில் கட்டிய பையின் அடிப்பக்கம் திறக்கும்; பெரிய மரப்பெட்டிக்குள் குனிந்து மெல்ல இறக்க வேண்டும். கன்றிய பழம் சாறு பிழியத்தான் போகும், அதற்கு விலை குறைவு. பக்கத்துத் தோட்டக்காரர் இதை எனக்குக் காட்டித் தந்தார். வேலை சொல்லும்போது பிரெஞ்சு, பழங்கதை பேசும்போது ஆங்கிலம்.

அவர் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான். முதலில் குடியேறியவர்களில் ஸ்கொட்லாந்து, அயர்லாந்துக்காரர் பலர். பிரெஞ்சுக்காரர் பிறகு பெருகினார்கள். உரக்கடையில் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்பார், மற்றவர் பிரெஞ்சில் பதில் சொல்வார். இருவரும் மாற்றிக்கொள்ளாமலே வியாபாரம் முடியும். இதை நல்லிணக்கம் என்று அழகாக எழுதலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஆலங்கட்டி மழை பெய்தால் இரண்டு வேலிக்குள்ளும் பழம் அடிபடும். ஏணியும் பெட்டியும் இரவல் கேட்க அடுத்த வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. தேவைதான் இங்கே மொழி கற்றுக்கொடுத்திருக்கிறது. அது குறைவான காரணம் என்றும் நான் நினைக்கவில்லை.

அரசாங்கத்தின் கணக்கு வேறு. 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தால்தான் என் மகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தாள் என்பது உனக்குத் தெரியும். 2022இல் அதை மேலும் இறுக்கினார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்குக் குறைந்துவிட்ட ஊர்களில், பிரெஞ்சோடு ஆங்கிலத்திலும் அலுவல் பார்க்கும் இருமொழித் தகுதி தொடர வேண்டுமானால் ஊராட்சி மன்றம் அதற்கென்று தீர்மானம் போட வேண்டும். பெரும்பாலான மன்றங்கள் போட்டுவிட்டன. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தை அனுபவித்த நம் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கேட்டதும் வயிற்றைப் பிசையும். ஆனால் இரண்டையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். கண்டம் முழுவதும் ஆங்கிலம் சூழ்ந்திருக்கும் இடத்தில் பிரெஞ்சுக்காரரின் பயம் பொய்ப்பயம் அல்ல.

இந்த வாதத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத மொழி ஒன்று இருக்கிறது: ஸ்பானிஷ். பழம் பறிப்பவர்கள் மெக்சிகோ, குவாத்தமாலாக்காரர்கள். 1966இல் யமெய்க்காவிலிருந்து ஆள் எடுக்கத் தொடங்கிய திட்டம் 1974இல் மெக்சிகோவுக்கும் விரிந்தது. பெரும்பாலோரின் அனுமதிப்பத்திரத்தில் ஒரே முதலாளியின் பெயர்தான். பிடிக்காவிட்டால் அடுத்த தோட்டத்துக்குச் சும்மா மாற முடியாது. வடக்கே ஷெரிங்டன் பக்கம் சதுப்பு வற்றிய கறுமண்ணில் வெங்காயம் எடுப்பதும் இவர்கள்தான். அந்த வயல்களைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைவு வரும். உன் செம்மண் வெங்காயத்தின் காரம் இதில் இல்லை.

எல்லையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மரங்களுக்கிடையே 6 மீட்டர் அகலத்துக்கு வெட்டி வெளியாக்கிய பாதை, நடுவில் கற்கள், அவ்வளவுதான். 45ஆம் அகலக்கோட்டில் போட நினைத்த எல்லை. 1770களில் அளந்தவர்கள் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போட்டுவிட்டார்கள். இது தெரியாமல் அமெரிக்கா ஏரிக்கரையில் கோட்டை கட்டத் தொடங்க, உண்மையான கோட்டின்படி அது கனடாப் பக்கம் விழுந்தது. கடைசியில் 1842 ஒப்பந்தத்தில் பிழையாகப் போட்ட கோடே எல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள்!

ரொக்ஸம் வீதி இந்த வட்டாரம்தான். 2017 முதல் அகதிகள் சூட்கேசை இழுத்துக்கொண்டு நடந்து வந்த வீதி. 2022இல் மட்டும் 39,000க்கு மேற்பட்டோர் வந்தார்கள். 2023 மார்ச்சில் அந்த வழியை மூடிவிட்டார்கள். மூடியது நல்லது என்று நம்மவர்களே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். லக்கோலில் நின்ற எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

விசாவுக்கு எழுதுவதானால் இப்போதே எழுது, செப்டெம்பரில் வா. சனவரியில் வந்தால் உன் முழங்கால் என்னை மன்னிக்காது. மருமகளின் கல்யாணத் திகதி குறித்துவிட்டார்களா? மண்டபம் எங்கே என்றும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்